பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டா போன்ல என்ன நடக்குது? டீன் ஏஜும் விளம்பர வலையும்

அமாவாசை ராத்திரி மேல்மலையனூருக்குப் போனவங்களுக்குத் தெரியும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்க்கக் கூட்டம் அலைமோதும். வழியெல்லாம் வளையல் கடை, பொம்மைக் கடை, பொரிக் கடை. கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கூவுவார். யார் பையில காசு இருக்கு, யார் மனசு வாடிக் கிடக்குன்னு அவருக்குத் தெரியாது.

அதே கூட்டத்துல நிக்கிற பத்தாம் வகுப்புப் பையன் கையில இருக்கிற போன் அப்படி இல்லை. எந்த ரீல்ஸை ரெண்டு தடவை பார்த்தான், எதுல நின்னான், எதைத் தேடினான் எல்லாம் கணக்குல ஏறுது. விளம்பரம் கொடுக்கிறவர் 'திண்டிவனத்தைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், இந்த வயசு, இந்த ஆர்வம்'னு தேர்ந்தெடுத்துப் பணம் கட்டலாம். பக்கத்துல நிக்கிற அண்ணனுக்குப் பைக் விளம்பரம் வரும், இவனுக்கு ஜிம் பவுடர் வரும்.

'சின்னப் பசங்களுக்குமா?'ன்னு கேட்டா, விதிகள் இருக்கு. 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களை அவங்க ஆர்வத்தை வெச்சுக் குறிவைக்கிறதை இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 2021-ல் நிறுத்தியது. 2023 பிப்ரவரி முதல் ஆணா, பெண்ணா என்பதையும் எடுத்துட்டாங்க. வயசும் ஊரும் மட்டும்தான் மிச்சம். கூகுளும் 2021-ல் இதே மாதிரி ஓர் அறிவிப்பை வெளியிட்டது.

ஆனா இதெல்லாம் நீங்க கொடுத்த பிறந்த தேதியை நம்பித்தான் நிக்குது. 14 வயசுல கணக்கு தொடங்கும்போது 1998-ன்னு போட்டுட்டா, கம்பெனி கண்ணுக்கு நீங்க பெரியவர். அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போச்சு. நம்ம ஊர்ப் பக்கம் இன்னொரு வழக்கமும் உண்டு: வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பா பேர்ல. அவருக்கு வர்ற கடன் ஆப் விளம்பரம், சூதாட்ட விளம்பரம் எல்லாத்தையும் சாயங்காலம் பார்க்கிறது பிள்ளைதான்.

ஆன்லைன் ரம்மியை நினைச்சுப் பாருங்க. பணத்தை இழந்தவங்க தற்கொலைன்னு தமிழ்நாட்டுல செய்தி வந்துகிட்டே இருந்த நேரம் அது. 2020 நவம்பரில், இந்த விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்த நடிகர்களுக்கும் கிரிக்கெட் பிரபலங்களுக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நோட்டீஸ் அனுப்பச் சொன்னது. அப்புறம் தமிழக அரசு கொண்டுவந்த தடை, 2021 ஆகஸ்ட்டில் கோர்ட்டில் நிக்கலை. 2022-ல் மறுபடி கொண்டுவந்த சட்டத்திலும், ரம்மிக்குத் தடை செல்லாதுன்னு 2023 நவம்பரில் தீர்ப்பு. 2025-ல் வந்த தமிழக விதிகள், 18 வயசுக்குக் கீழே பணம் கட்டி ஆடக் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாரும் உள்ளே நுழையக் கூடாதுன்னு சொல்லின. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்தது. விளம்பரம் செய்தாலும் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ரம்மியை எல்லாரும் கவனிச்சோம். கண்ணாடி முன்னாடி நடக்கிறது அவ்வளவா வெளியே வரலை. 2021-ல் வெளியான ஃபேஸ்புக்கின் உள் ஆய்வுகளில், தன் உடம்பைப் பத்தின கவலை ஏற்கெனவே இருந்த டீன் ஏஜ் பெண்களில் மூணுல ஒருத்தருக்கு இன்ஸ்டாகிராம் அதை மோசமாக்குவதாக ஒரு குறிப்பு இருந்தது. இது விளம்பரத்தை மட்டும் வெச்சுச் சொன்னது இல்லை. ஆனா அந்தக் கவலைக்கு அடுத்தபடியாகத்தானே சிவப்பழகு க்ரீமும், எடை குறைக்கும் டீயும் வந்து நிக்குது? டிவியில 'விளம்பர இடைவேளை'ன்னு ஒண்ணு இருந்தது. ரீல்ஸ்ல பேசுற அக்கா, பக்கத்து வீட்டு அக்கா மாதிரி பேசுறாங்க. காசு வாங்கிப் பேசினா அதைத் தெளிவாச் சொல்லணும்னு இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லேயே வழிமுறை போட்டாச்சு. அந்தக் குட்டி எழுத்தை எத்தனை பேர் படிக்கிறோம்!

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களைக் கண்காணிக்கக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாதுன்னு சொல்லுது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். அதாவது 2027 வரைக்கும் நம்ம போனை நாமதான் பார்த்துக்கணும்.

அஞ்சு நிமிஷ வேலைதான். இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸ்ல 'அக்கவுன்ட்ஸ் சென்டர்' போய்ப் பிறந்த தேதி சரியா இருக்கான்னு பாருங்க. அங்கேயே விளம்பர விருப்பங்களில் பிடிக்காத தலைப்புகளைக் குறைக்கலாம். யூடியூபுக்கு, கூகுள் கணக்கில் 'மை ஆட் சென்டர்' இருக்கு. சூதாட்டம், மது, டேட்டிங், எடைக் குறைப்பு விளம்பரங்களைக் குறைக்க அதுல தனித்தனி பட்டன். அப்பா போன்லயும் இதைச் செய்யுங்க. ஏமாத்துற விளம்பரத்தை நம்பிப் பொருள் வாங்கியிருந்தா நுகர்வோர் உதவி எண் 1915. லிங்கைத் தொட்டுப் பணமே போயிருந்தா 1930, அதுவும் உடனே. பணம் அடுத்த கணக்குக்கு மாறுறதுக்குள்ள கூப்பிட்டாத்தான் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.