இதய நோயாளரும் இரத்த வளர்ப்புப் பரிசோதனையும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வாதக் காய்ச்சலால் இளமையிலேயே இதய வால்வு பழுதுற்றவரோ, செயற்கை வால்வு பொருத்தப்பெற்றவரோ தொடர்காய்ச்சலோடு வைத்தியசாலையை அடையும்போது, இரத்தத்திற் கிருமி உண்டா இல்லையா என நிச்சயிக்கும் பொறுப்பு முழுவதும் ஆய்வுகூடத்தைச் சார்ந்தது என்னும் அபிப்பிராயம் பரவலாக நிலவுகிறது. புத்தளம் மாவட்டத்துப் பள்ளிவாசல்துறை போன்ற கரையோரக் கிராமமொன்றை மனத்திற்கொண்டு நோக்குமிடத்து, அவ்வபிப்பிராயம் பாதியளவே பொருந்தும். இரத்தத்தைப் போத்தலில் இட்டுக் கிருமியை வளர்க்கும் இப்பரிசோதனையின் பலாபலன், அப்போத்தல் ஆய்வுகூடத்தைச் சேருமுன்னரே பெரிதும் தீர்ந்துவிடுகிறது.

1885இல் வில்லியம் ஒஸ்லர் லண்டனில், வால்விற் கிருமி பற்றும் இதய உட்சவ்வழற்சி பற்றி விரிவுரைகள் நிகழ்த்திய காலத்தில், அவ்வியாதி பல வேளைகளிற் பிரேத பரிசோதனையிலேயே தெளிவாயிற்று. காய்ச்சலும் இதய முணுமுணுப்பும் அனுமானத்துக்கு மட்டுமே இடந்தருவன. கிருமி போத்தலில் வளர்வதோ பிரத்தியட்சப் பிரமாணம். இந்நோயை நிர்ணயிக்க 1994இல் வகுக்கப்பட்ட டியூக் நியமங்கள் இதனை எக்கோ பரிசோதனைக்குச் சமமான பிரதான சான்றாக ஏற்றமை இதனாலேயே.

ஆயினும் இப்பிரமாணம் எளிதிற் கிட்டுவதன்று. கிருமித்தொற்றுற்ற வயதுவந்தோரின் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாதிருப்பது அபூர்வமன்று. ஆதலின் இரண்டு போத்தல் கொண்ட தொகுதி ஒன்றுக்கு ஏறக்குறைய 20 மில்லிலீற்றராக, வெவ்வேறு இடங்களிற் குத்தி மூன்று தொகுதிகள் எடுத்தல் வேண்டும். நோயாளி நடுங்கும்வரை காத்திருத்தல் வீண். வால்விற் பற்றிய கிருமி இரத்தத்தில் இடையறாது கலந்துகொண்டேயிருக்கும். ஒரே போத்தலில் மாத்திரம் தோலில் வாழும் ஸ்டபிலோகொக்கஸ் வளர்ந்தால் அது பெரும்பாலும் குத்தும்போது கலந்த மாசு. செயற்கை வால்வுடையோரிடத்து அதுவே உயிர்குடிக்கும் நோயாகவும் இருக்கக்கூடும். ஒற்றைப் போத்தலை அனுப்பியவருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

இனிப் பிரதான தடைக்கு வருவோம். கிராமத்தவர் முதலில் நாடுவது அண்மையிலுள்ள டிஸ்பென்சரியை அல்லது பாமசியை. அங்கு அன்டிபயோட்டிக் மாத்திரை விழுங்கிய பின்னரே கற்பிட்டி, புத்தளம், தேவையேற்படின் சிலாபம் அல்லது கொழும்பு என யாத்திரை தொடர்கிறது. வட அமெரிக்காவில் நச்சுக்குருதி நோயாளர் 325 பேரிடத்து நிகழ்ந்து 2019இல் வெளியான ஆய்வில், மருந்துக்கு முன் எடுத்த இரத்தத்தில் 31.4 சதவீதமும், மருந்து தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்ததில் 19.4 சதவீதமும் மட்டுமே கிருமி காட்டின. இரண்டு மணி நேரமே இத்துணை மறைக்குமாயின், பல நாள் விழுங்கிய மாத்திரைகள் எவ்வளவு மறைக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

உயிராபத்தான நோயாளிக்குச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்னும் ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இரு கைகளிலும் இரத்தம் எடுக்கச் சில நிமிடங்களே போதும். மருந்தை உடனே தொடரலாம். வாரக்கணக்கிற் காய்ந்தும் நிலைதளராத நோயாளியிடத்தோ அத்தகைய அவசரமே இல்லை.

இதனோடு தொடர்புடைய இன்னொரு விஷயம். இலங்கையில் 1927இல் முதன்முதல் அறியப்பட்ட மெலியொய்டோசிஸ் என்னும் கிருமித்தொற்று இன்றும் அங்கு உண்டு. நீரிழிவுடையோரை அது விசேஷமாகத் தாக்கும், இதய நோயாளருட் பலர் நீரிழிவும் உடையோர். போத்தலில் வளர்ந்த அதன் கிருமியைச் சூடோமோனாஸ் மாசென்று ஒதுக்கிவிட்டால், வழக்கமான செவ்ட்ரியாக்சோன் அன்டிபயோட்டிக் போதிய பலன் தராது.

ஆகவே முதற் போத்தல் நிரப்பப்பட வேண்டியது நோயாளி முதலில் அனுமதிக்கப்படும் வைத்தியசாலையிலேயே. நிரப்பிய போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையாது விரைந்து அனுப்புதலும், எந்த மருந்து எந்நேரம் கொடுக்கப்பட்டதென்பதை அனுப்புகைக் கடிதத்திற் குறித்தலும் அவ்விடத்துக் கடமைகள். மருந்து முந்திவிட்டதாயின், அதனைச் சில நாள் நிறுத்தி மீண்டும் இரத்தம் எடுக்கும் முறை உண்டு; நிலைதளராத நோயாளியிடத்து, அதுவும் இதய வைத்திய நிபுணரின் மேற்பார்வையிலன்றி, அது செய்யத்தக்கதன்று.