புல்லு வெட்டும் மெசினுக்கு எந்தத் தலை? மீண்டும் கைக்கு வந்த காணிகளில் அறிந்திருக்க வேண்டியவை

இடம்பெயர்ந்த குடும்பமொன்று தன் காணிக்குத் திரும்பும்போது முதலில் எதிர்கொள்வது பற்றைக்காட்டைத்தான். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில் பலர் கால் நூற்றாண்டுக்குப் பின்னரே தமது வளவுகளைக் கண்டனர். மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இத்தனை காலம் ஆள் நடமாட்டம் இல்லாத மண்ணில் கினியாப்புல் ஆளுயரத்திற்கு நிற்கும். அதற்குள் விடத்தல், உண்ணி, வடலி எல்லாம் கலந்திருக்கும். அடியில் அறுகு பாய்போலப் படர்ந்து கிடக்கும்.

முன்னர் கத்தியும் மண்வெட்டியும் உழவாரமும் செய்த வேலையை இன்று பெற்றோலில் ஓடும் புல்லு வெட்டும் மெசின் செய்கிறது. ஒரே மெசினில் பல தலைகளை மாற்றிப் பூட்டலாம் என்பது அதன் பெரிய வசதி. நைலோன் நூல், இரும்புத் தகடு, விறாண்டிப் பற்கள், மண் கிளறும் சக்கரம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு உரியது. வன்னியிலும் வலிகாமத்திலும் இந்த மெசின்களைப் பயன்படுத்தியும் திருத்தியும் வருபவன் என்ற வகையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "எந்தத் தலை நல்லது?" என்பதுதான். அந்தத் தலை மண்ணுக்கு மேலே வேலை செய்கிறதா, மண்ணுக்குள் இறங்குகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். எமது மண்ணில் அந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது.

முதலில் காணி, பிறகு மெசின்

இலங்கை, மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் இணைந்தது. மிதிவெடி அகற்றும் வேலையைத் தேசிய கண்ணிவெடி நடவடிக்கை மையம் ஒருங்கிணைக்கிறது. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகள் வடக்கில் களத்தில் வேலை செய்து வந்துள்ளன. பெரும் பரப்பு துப்புரவாக்கப்பட்டுவிட்டது. ஆயினும் முகமாலை போன்ற பழைய முன்னரங்கப் பகுதிகளில் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

ஆகவே பற்றை வெட்டத் தொடங்கும் முன் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ மூன்று விடயங்களைக் கேளுங்கள். இக்காணி மிதிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டதா? கையளித்த பத்திரத்தில் எவ்வளவு ஆழத்திற்குச் சோதித்ததாகக் குறிப்பிடப்பட்டுள்ளது? பக்கத்துக் காணியின் நிலை என்ன? ஆழம் பற்றிய கேள்வியைப் பலர் கேட்பதில்லை. புல்லை வெட்டுபவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. மண்ணைக் கிளறுபவருக்கும் கிணறு வெட்டுபவருக்கும் அதுவே முதற் கேள்வி.

எந்த மெசினும் மிதிவெடி அகற்றும் கருவி ஆகாது. நீண்ட தண்டில் இருக்கும் தலை உங்கள் காலுக்கு முன்னால் செல்வதால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். நூல் புல்லை மட்டும் வெட்டிச் செல்லும். அதன் பின்னால் வருவது உங்கள் கால். மரப்பெட்டியால் செய்த ஜொனி வகை வெடிகளில் பெட்டி உக்கிப் போனாலும் உள்ளிருக்கும் வெடிமருந்து அப்படியே கிடக்கக்கூடும். சிவப்புப் பலகை, மண்டையோட்டுக் குறி, சிவப்புத் தடிகள் எதைக் கண்டாலும் அப்பால் செல்ல வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் மெசினை நிறுத்தி, வந்த தடத்திலேயே திரும்பி, 119 இலக்கத்தில் பொலிசாருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். வெட்டிய புல்லை அதே இடத்தில் எரிப்பதையும் தவிருங்கள். குப்பைக்குத் தீ வைத்தபோது வெடித்த சம்பவங்கள் வடக்கில் நடந்திருக்கின்றன.

கடைக்குப் போகும் முன் அளக்க வேண்டியவை

காணி பாதுகாப்பானது என்று உறுதியான பின்னர்தான் தலையைத் தேடும் வேலை. "எந்த மெசினுக்கும் பொருந்தும்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிக் காசைக் கொடுக்க முன்னர் நான்கு அளவுகளை எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்று, வெளிக்குழாயின் விட்டம். 26 அல்லது 28 மில்லிமீற்றர் என்பதே பரவலானது. இரண்டு, உள்ளே சுழலும் தண்டின் நுனியில் உள்ள பற்களின் எண்ணிக்கை. பெரும்பாலும் 9, சிலவற்றில் 7. விறாண்டித் தலையும் மண் கிளறும் சக்கரமும் தமக்குரிய கியர்ப்பெட்டியுடன் வருவதால் அவற்றுக்கு இந்த இரு அளவுகளும் கட்டாயம். மூன்று, இரும்புத் தகட்டின் நடுத்துளை. 25.4 மில்லிமீற்றரும் 20 மில்லிமீற்றரும் உண்டு. பெரிய துளையுள்ள தகட்டைச் சிறிய மெசினில் இறுக்கிவிட்டால் அது நடுவில் நில்லாது அதிரும், ஈற்றில் நட்டை உடைக்கும். நான்கு, நைலோன் தலை ஏறும் புரி. 10 மில்லிமீற்றர் இடப்புரிதான் அதிகம் காணப்படுவது. இடப்புரி என்பதால் கழற்றும்போது வலப்பக்கம், அதாவது மணிக்கூட்டு முள் சுழலும் திசையில் திருப்ப வேண்டும். வழமைபோல மற்றப் பக்கம் திருப்பினால் மேலும் இறுகும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி அனுப்புவதானால் இந்த அளவுகளைப் படத்துடன் அனுப்புங்கள். பெரிய நிறுவனங்களின் பலதலை மெசின்கள் தத்தமக்குரிய இணைப்பையே வைத்திருப்பதால் ஒன்றின் தலை மற்றதற்குப் பொருந்தாது போகலாம். மின்சாரத்தில் ஓடுவதானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், எமது 230 வோல்ற். அங்கு வாங்கியதை இங்கு நேரடியாகச் செருகினால் மோட்டர் கருகும். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் வாங்குபவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நைலோன் தலை

நெடுநாள் மூடிக் கிடந்த வளவில் நான் முதலில் பூட்டுவது இதைத்தான். 2.4 முதல் 3 மில்லிமீற்றர் வரையான நூல் கல்லிலோ கொங்கிறீற்றிலோ பட்டால் நூல்தான் அறும். முதற் சுற்றில் முழங்கால் உயரத்திலும், அடுத்த சுற்றில் தாழவும் வெட்டினால் உள்ளே கிடப்பது தெரியவரும். கட்டில்லாத பழைய கிணறு, மலசலகூடக் குழி, முட்கம்பி, தகரத்துண்டு எல்லாம் புல்லுக்குள் மறைந்திருக்கும். முட்கம்பி தலையில் சுற்றிக்கொண்டால் மெசினை முழுதாக நிறுத்திய பின்னரே கையை வையுங்கள்.

இளம் மரங்களின் அடியை நூல் சுற்றி அடித்தால் பட்டை உரிந்து மரம் பட்டுப்போகும். மாங்கன்றுகளைச் சுற்றி ஒரு முழம் அளவுக்குக் கையால் புல் செருக்குவதே நல்லது. வடலிகளுக்கும் முன்கூட்டியே அடையாளம் கட்டிவிடுங்கள். போரில் இழந்த பனைகளுக்கு ஈடாகத் தானாக முளைத்து நிற்பவை அவை.

பார்த்தீனியம் நிற்கும் இடத்தில் நைலோன் தலை வேண்டாம். 1999இல் வவுனியாவில் கண்டறியப்பட்ட இச்செடி இன்று வடக்கின் பல இடங்களில் பரவியுள்ளது. நூல் அதனைத் தூளாக்கி விதையைப் பரப்பும். மகரந்தம் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். பூக்கும் முன்னர், மண் ஈரமாக இருக்கையில், கையுறை அணிந்து வேருடன் பிடுங்குவதே முறை.

இரும்புத் தகடுகள்

கினியாப்புல்லின் தடித்த அடிக்கட்டைக்கு இரண்டு அல்லது மூன்று பல்லுள்ள தகடு போதும். உண்ணி, விடத்தல் போன்ற கட்டைகளுக்குப் பல பற்கள் கொண்ட வட்டத்தகடு வேண்டும். நைலோன் தலையால் ஒருமுறை திறந்து பார்த்த இடத்தில் மட்டுமே தகட்டைப் பயன்படுத்துங்கள். தகடு கல்லிலோ கட்டையிலோ பட்டால் மெசின் வெட்டுபவரின் பக்கம் எகிறும். தெறிக்கும் கல்லுக்கு 15 மீற்றர் தூரமும் பெரிதல்ல என்பதால் சிறுவர்களை அருகில் விடக்கூடாது. வெடிப்பு விழுந்த தகட்டை ஒட்டித் திருத்தாமல் எறிந்துவிட வேண்டும்.

சங்கிலித் துண்டுகளைக் கோத்த இரும்புத் தலைகளும் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கவே வேண்டாம். ஒரு கண்ணி கழன்றால் அது துப்பாக்கிச் சன்னம்போலப் பாயும். உயிரிழப்பின் பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் இத்தகைய தலைகளைச் சந்தையிலிருந்து தடை செய்தது. கம்பித்தூரிகை வடிவிலான களைத்தலைகளிலும் கம்பி முறிந்து தெறிக்கும் ஆபத்து உண்டு.

விறாண்டித் தலை

பாடசாலை மைதானம், கோயில் வீதி, வீட்டு முற்றம் ஆகியவற்றில் அறுகைப் புற்றரையாக வைத்திருப்போருக்கு உரியது இது. அறுகு நிலத்தின் மேலும் கீழும் தண்டோடிப் படரும். காலப்போக்கில் பச்சைப் புல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் செத்த தண்டும் வேரும் படையாகச் சேரும். அந்தப் படை தடித்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. வேர் மண்ணை விட்டுப் படைக்குள்ளேயே ஓடும். சித்திரை வெயிலில் முதலில் கருகுவதும், நெருப்புப் பட்டால் முதலில் பற்றுவதும் அதுதான்.

படை எவ்வளவு என்று அறிவது எளிது. கத்தியால் ஆப்புபோல ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறப் படை அரை அங்குலத்திற்கு மேல் இருந்தால் விறாண்டி எடுக்க வேண்டும். குறைவாக இருந்தால் விட்டுவிடலாம்.

ஒன்றிரண்டு பரப்புக்குக் கைவிறாண்டியே போதும். மைதானம் போன்ற பெரிய இடத்திற்கு, கிடையாகச் சுழலும் உருளையில் கம்பிப்பற்கள் பொருத்திய தலை உண்டு. உள்ளூர்க் கடைகளில் இதை நான் கண்டது அரிது. தள்ளிச் செல்லும் புல்வெட்டியின் தகட்டுக்குப் பதிலாகப் பூட்டும் சுருள்கம்பித் தகடும் விற்கப்படுகிறது. அது இயந்திரத்தை வருத்தும், புல்லையும் திட்டுத்திட்டாகப் பிடுங்கும். எதை வாங்கினாலும் பற்களை மண்ணின் மேல்தோலில் மட்டும் பட வையுங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் பல இடங்களில் ஆழம் குறைவு. கீழே சுண்ணக்கல் என்பதால் ஆழ இறக்கிய பல் வளையும் அல்லது முறியும்.

வறண்ட காலத்தில் விறாண்டினால் அறுகு மீளாது. ஐப்பசியில் முதல் மழை விழுந்து புல் தளிர்க்கத் தொடங்கியதும் செய்வது நல்லது.

கார்த்திகையில் துயிலும் இல்லங்களைத் துப்புரவாக்குவோருக்கும் ஒரு சொல். போரின் பின்னர் இடித்து அழிக்கப்பட்ட இடங்களில் கல்லறைத் துண்டுகள் புல்லுக்குள் கிடக்கின்றன. இரும்புத் தகடும் விறாண்டித் தலையும் அவற்றை மேலும் சிதைக்கும், தெறிக்கவும் வைக்கும். அங்கு நைலோன் நூலும் கைவிறாண்டியும் போதும். துண்டுகளைக் கையால் பொறுக்கி ஒருபுறம் வைத்த பின்னரே வெட்டுங்கள்.

மண் கிளறும் சக்கரம்

தோட்டத்தில் வரிசைகளுக்கு இடையே களை எடுக்க இது உதவும். சுழற்சியைக் குறைக்கும் தனிக் கியர்ப்பெட்டி இதற்கு உண்டு. சிறிய மெசினில் பூட்டினால் சூடேறி நின்றுவிடும். கடைகளில் 52 சீசீ என்று விற்கப்படும் அளவு மெசின் வேண்டும். இறுகிய தரையை முதன்முறை உழுவது லாண்ட்மாஸ்ரரின் வேலை. கோரைக்கிழங்கு உள்ள இடத்தில் இதை ஓட்டினால் கிழங்கு அறுந்து பரவும்.

மண்ணுக்குள் இறங்கும் தலை இது என்பதால், கையளிப்புப் பத்திரத்தைக் கண்ணால் காணாத காணியில் நான் இதைப் பூட்டுவதில்லை. அதனால் சில கூலி வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. போகட்டும்.

வெட்டுபவரின் உடல்

கண்ணாடி, காதடைப்பான், தடித்த சப்பாத்து, முழங்காலுக்குக் கீழ் மறைப்பு ஆகியவை இல்லாமல் தொடங்கக் கூடாது. புல்லுக்குள் கண்ணாடிப் புடையன் கிடக்கும் நாட்டில் சப்பாத்துக்கு இரட்டைப் பயன் உண்டு. ஒற்றைத் தோள்பட்டி பாரத்தை ஒரு பக்கம் இழுக்கும். செயற்கைக் கால் அணிந்தோரும் முதுகில் காயத்தழும்பு உள்ளோரும் இரு தோள்பட்டியை, அதுவும் ஒரே இழுவையில் கழலும் வகையை வாங்குவது நல்லது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாக மெசின் வழங்குவோர் இந்தத் தோள்பட்டியையும் கண்ணாடியையும் சேர்த்தே வழங்க வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு என் பரிந்துரை இதுதான். முதலில் ஒரு நல்ல நைலோன் தலை, அடுத்து ஒரு மூன்று பல் தகடு, ஒரு கைவிறாண்டி. இவை மூன்றும் மீள்குடியேறிய வளவொன்றின் பெரும்பாலான வேலைகளை முடிக்கும். மண்ணுக்குள் இறங்கும் தலைகளை, காணியின் பத்திரம் கைக்கு வந்த பின்னர் வாங்கலாம்.