மந்தரஸ்தாயியின் மரபு: பேஸ் வாத்தியக் கலைஞர் சிலரும் அவர்தம் செல்வாக்கும்

இசை வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பாடகர்களையும் மேடையின் முன்வரிசையில் நின்று வாசித்தோரையுமே முதன்மைப்படுத்தி வந்துள்ளனர். பக்கவாத்தியக்காரர் பற்றிய செய்திகள் அடிக்குறிப்பாய் நின்றுவிடுதல் வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க இசையில், சிறப்பாக ஆபிரிக்க அமெரிக்கர் வளர்த்த ஜாஸ் இசையிலும் பின்னர் எழுந்த சோல் இசையிலும், இவ்வாறு அடிக்குறிப்பாய் நின்றோருள் பேஸ் வாத்தியக் கலைஞர் குறிப்பிடத்தக்கவர். ஆயினும், ஒருவரது வாசிப்பு முறை மற்றொருவரின் விரல்களுக்கு எவ்வாறு சென்று சேர்கின்றது என்ற வினாவுக்கு விடை காண முயல்வோர் இவர்களைக் கடந்து செல்லுதல் இயலாது.

டபிள் பேஸ் ஆளுயரத்தினும் மிக்கது. வழக்கமாக நான்கு தந்திகளையுடையது. வயலின் இனத்தோடு சேர்த்தெண்ணப்படும் வாத்தியங்களுள் மந்தரஸ்தாயிக்கு உரியது. ஐரோப்பியச் செந்நெறி இசையில் பெரும்பாலும் வில்லால் வாசிக்கப்பட்ட இதனை நியூ ஓர்லியன்ஸ் நகரக் கலைஞர் விரலால் மீட்டினர். தந்தியை இழுத்து விரற்பலகையில் மோதவிடும் முறையும் அவர்களிடையே வழங்கிற்று. பொப்ஸ் பொஸ்ரர், வெல்மன் பிரோட் ஆகியோர் இம்முறையில் வல்லவராய் விளங்கினர். 1925 இல் மின்வழி ஒலிப்பதிவு வரும்வரை இவ்வாத்தியத்தின் நாதம் இசைத்தட்டில் செம்மையாகப் பதிவாகவில்லை. ரியூபா என்ற ஊதுவாத்தியமே பல வேளைகளில் அதன் இடத்தை நிரப்பியது. ஒலிவாங்கி வந்த பின்னரே தூரத்திலிருந்த மாணவனொருவன் பேஸ் வாத்தியத்தைத் தட்டிலிருந்து கற்பது சாத்தியமாயிற்று. 1930களில் கவுண்ட் பேசியின் குழுவில் வாசித்த வோல்ற்றர் பேஜ், தாளவட்டத்துக்கு நான்கு சுரங்களாகச் சீராக நடந்து செல்லும் முறையை நிலைநிறுத்தினார். இன்றும் ஜாஸ் பயிலத் தொடங்கும் மாணவன் முதலிற் கற்பது அந்நடையே.

இப்பின்னணியில் தோன்றியவர் ஜிம்மி பிளான்டன். 1918 இல் தெனிசி மாநிலத்துச் சற்றனூகா நகரிற் பிறந்த இவர், பியானோக் கலைஞரான தாயின் வளர்ப்பில் முதலில் வயலின் பயின்றார். மிசிசிப்பி ஆற்றில் ஓடிய உல்லாசக் கப்பல்களின் வாத்தியக் குழுவிலும், சென் லூயிஸ் நகரத்துக் குழுவொன்றிலும் வாசித்து வந்த அவரை 1939 இன் இலையுதிர் காலத்தில் டியூக் எலிங்டன் தம்முடன் சேர்த்துக்கொண்டார். எலிங்டனின் குழுவில் அப்போது பில்லி ரெயிலர் என்ற பேஸ் கலைஞர் ஏற்கெனவே இருந்தார். சில மாதங்கள் இருவரும் அருகருகே வாசித்தனர். 1940 தொடக்கத்தில் பொஸ்ரன் நகரில், இவ்விளைஞனின் பக்கத்தில் நின்று வாசித்து நாணமுற இயலாது என்று கூறி ரெயிலர் மேடையை விட்டு அகன்றார் என்பர். ஒரு கலைஞனுக்கு இதனினும் பெரிய பாராட்டு வேறு கிடைத்ததோ என்பது ஐயமே.

பிளான்டன் செய்த மாற்றம் யாது? அவருக்கு முன் பேஸ் கலைஞர் தனி வாசித்ததில்லை எனச் சிலர் எழுதுவது சரியன்று. 1935 இலேயே இஸ்ரேல் குரொஸ்பியை முன்னிறுத்தி ஓர் இசைத்தட்டு வெளிவந்துள்ளது. 1939 இல் கப் கலோவேயின் குழுவில் மில்ற் ஹின்ரனும் அவ்வாறே தனி வாசித்துப் பதிவுசெய்துள்ளார். முதலிற் செய்தமை வேறு. பிறர் பின்பற்றும்படி செய்தமை வேறு. பிளான்டன் தாளத்தைக் காத்து நிற்பதோடு அமையாது, சாக்சபோனோ ட்ரம்பெற்றோ வாசிக்கத்தக்க நீண்ட மெல்லிசைத் தொடர்களை அத்தடித்த தந்திகளில் வாசித்தார். சுரம் மீட்டியவுடன் அடங்கிவிடாது நின்று ஒலித்தது. வயலின் பயிற்சியாற் பெற்ற சுருத்தூய்மையும் அவரிடமிருந்தது. எலிங்டனும் இதனை உணர்ந்து அவ்வாத்தியத்தைச் சுற்றியே உருப்படிகளை அமைத்தார். 1940 மார்ச்சில் பதிவான 'ஜக் த பெயர்', 'கோகோ' ஆகியவற்றில் முழுக்குழுவும் ஓய்ந்து நிற்க பேஸ் மட்டும் பேசும் இடங்கள் உள்ளன. அதே ஆண்டு ஒக்ரோபரில் பியானோவும் பேஸும் மாத்திரமே இடம்பெறும் இரட்டை வாசிப்புகளை இருவரும் பதிவுசெய்தனர். புகழ்பெற்ற குழு, செம்மையான ஒலிப்பதிவு, வாத்தியத்தின் இயல்பறிந்த இசையமைப்பாளர் என்னும் மூன்றும் ஒருங்கே வாய்த்தமையாலேயே பிளான்டனின் முறை நாடெங்கும் பரவியது எனக் கொள்ளுதல் பொருத்தமாகும். குரொஸ்பிக்கு இவ்வாய்ப்பு அன்று கிட்டவில்லை.

காசநோய் அவரைப் பற்றியது. 1941 இன் பிற்பகுதியில் குழுவை விட்டு விலகிய பிளான்டன், 1942 ஜூலை 30 ஆம் நாள் கலிபோர்னியாவில் காலமானார். அப்போது வயது இருபத்துமூன்று. மின்கிற்றாரில் இத்தகையதொரு மாற்றத்தைச் செய்த சார்லி கிறிஸ்ரியனும் அதே ஆண்டு அதே நோய்க்குப் பலியானமை ஜாஸ் வரலாற்றின் பெருந்துயர்களுள் ஒன்று. பிளான்டன் இறந்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 1 இல், அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு மறுப்புப் போராட்டம் தொடங்கியது. அது நீடித்த காலத்திற் புதிய ஜாஸ் பதிவுகள் மிக அருகின. ஆகவே இளம் பேஸ் கலைஞருக்குப் பாடநூலாய் எஞ்சியவை இறந்தவரின் தட்டுகளே.

அத்தட்டுகளின் மாணாக்கருள் மூவர் தலையாயவர். ஒஸ்கார் பெற்றிபோர்ட் 1943 டிசம்பரில் கோல்மன் ஹோக்கின்ஸுடன் பதிவுசெய்த 'த மான் ஐ லவ்' என்ற உருப்படியில், தொடருக்குத் தொடர் அவர் மூச்சு வாங்கும் ஓசையே கேட்கின்றது. ஊதுவாத்தியக்காரனைப்போல் மூச்சளவுக்கேற்பத் தொடர் அமைக்கும் அப்பழக்கம் பிளான்டனின் வழியை ஒரு படி முன் கொண்டு சென்றது. 1945 இல் அவரே எலிங்டனின் குழுவிற் சேர்ந்தார். அவருக்குப் பின் அவ்விடத்துக்கு வந்த வெண்டல் மார்ஷல் பிளான்டனின் உறவினர். சார்ள்ஸ் மிங்கஸ் அவ்வழியைத் தம் இசையாக்கத்துக்கு அடித்தளமாக்கினார். பிற்ஸ்பேர்க் நகரத்து றே பிரவுண் பிளான்டனின் நாதத்தையும் நடையையும் தமதாக்கி, ஒஸ்கார் பீற்றர்சனுடன் 1951 முதல் பதினைந்து ஆண்டுகள் வாசித்தார். மூவரும் ஒரே ஊற்றிலிருந்து பருகினாராயினும் ஒருவர் வாசிப்பு மற்றவருடையதை ஒத்ததன்று. 1972 டிசம்பரில் முதுமையெய்திய எலிங்டனும் பிரவுணும் இருவராய் அமர்ந்து, 1940 இன் இரட்டை வாசிப்புகளுள் சிலவற்றை மீண்டும் பதிவுசெய்து பிளான்டனுக்குக் காணிக்கையாக்கினர். ஒன்றரை ஆண்டுக்குள் எலிங்டனும் மறைந்தார்.

பிளான்டனைப்போலவே குறுகிய வாழ்வினர் ஸ்கொற் லபாரோ. பில் எவன்ஸின் மூவர் குழுவில் பியானோவுக்குத் துணைநில்லாது அதனோடு உரையாடும் முறையை வகுத்த அவர், 1961 ஜூன் 25 இல் நியூயோர்க்கின் வில்லேஜ் வங்கார்ட் விடுதியில் வாசித்தவை ஒலிப்பதிவாயின. பதினொரு நாள் கழித்து வாகன விபத்தில் உயிரிழந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

இதற்கிடையில் வாத்தியமே மாறியிருந்தது. 1951 இல் லியோ பெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின் பேஸ் கிற்றார், வீணையில் உள்ளமை போன்ற மெட்டுகளைக் கொண்டது. தோளில் மாட்டி வாசிக்கத்தக்கது. இதனைக் கொண்டு உலகெங்கும் செல்வாக்குச் செலுத்தியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936 இல் தென் கரோலினாவிற் பிறந்து, 1954 இல் டெற்றோயிற் நகருக்கு வந்த அவர், பள்ளியில் டபிள் பேஸ் பயின்றவர். மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்தில் 1960களில் வெளிவந்த எண்ணற்ற பாடல்களுக்கு வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே அவர் வாசித்தார். 1966 இன் 'றீச் அவுட், ஐ'ல் பி தெயர்', 1967 இன் 'பேர்ணடெற்' முதலியவற்றில் பாடகர் பாடுவது ஒரு பாட்டு. அடியிலே ஜேமர்சன் வாசிப்பது மற்றொரு பாட்டு. ஜாஸ் கலைஞனின் கற்பனையே இங்கு மூன்று நிமிட நடனப்பாடலுக்குள் புகுந்தது.

ஆனால் அவர் பெயரை எவரும் அறியார். மோட்டவுன் தட்டுகளில் வாத்தியக் கலைஞரின் பெயர்கள் அச்சிடப்படவில்லை. 1971 இல் மார்வின் கேயின் 'வட்'ஸ் கோயிங் ஒன்' வெளிவந்தபோதே ஜேமர்சனின் பெயர் உறையில் இடம்பெற்றது. லிவர்பூலிலிருந்த போல் மக்கார்ட்னி தம்மைக் கவர்ந்த பேஸ் கலைஞர் அவரென்று பின்னாளிற் கூறினார். பெயரையோ நெடுங்காலம் அவரும் அறிந்திருக்கவில்லை. 1966 இன் பீற்றில்ஸ் பாடல்களில் பேஸ் முன்னெழுந்து ஒலிக்கத் தொடங்கியமைக்கு அந்தத் தட்டுகளும் ஒரு காரணமாகும். குருவின் பெயரறியாது அவர் கையசைவை மாத்திரம் கற்ற மாணாக்கர் தலைமுறை இது. குருகுலத்தில் இது நிகழ்ந்திராது. பெயர் அச்சிடப்படாமையின் விளைவு புகழிழப்பு மட்டுமன்று. குறித்த சில பாடல்களில் வாசித்தவர் யார் என்பது பற்றிப் பிற்காலத்திற் கசப்பான விவாதங்களும் எழுந்தன. ஏட்டுச் சான்று இல்லாதவிடத்து வாசிப்பின் பாணியையே சான்றாகக் கொள்ளவேண்டிய நிலை ஆய்வாளருக்கு ஏற்பட்டது. நிறுவனம் 1972 இல் லொஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சனும் அங்கு சென்றார். எனினும் முன்னைய இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1983 ஆகஸ்ட் 2 இல் அவர் இறந்தார். அவரது வாசிப்புகளைச் சுரக்குறிப்புகளாக்கிய அலன் ஸ்லற்ஸ்கியின் நூல் 1989 இலேயே வெளிவந்தது.

மின் பேஸ் கிற்றாரின் மெட்டுகளை நீக்கி, டபிள் பேஸின் நெகிழ்ந்த நாதத்தை அதில் மீட்டெடுத்தவர் ஜாக்கோ பஸ்ரோரியஸ். 1976 இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டு, சாக்சபோனுக்குரிய 'டொனா லீ' என்ற கடுமையான உருப்படியைக் கைப்பறை ஒன்றின் துணையோடு பேஸில் வாசித்துத் தொடங்குகின்றது. 1980களில் அந்நாதத்தை நகல் செய்யாத இளம் கலைஞர் அரியர். நகல் செய்தோருட் பெரும்பாலோர் அதன் வேகத்தைப் பற்றினரேயன்றி அதன் அமைதியைப் பற்றவில்லை. ஜாக்கோ தம் முன்னோரை மறைத்தவரல்லர். அறேதா பிராங்ளின், பி. பி. கிங் ஆகியோரின் பதிவுகளில் வாசித்த ஜெரி ஜெமற் என்பாரிடமிருந்து தாம் பெற்றதை வெளிப்படையாகவே கூறி வந்தார். 1985 இல் பேஸ் வாத்தியம் பற்றிய பயிற்சி ஒளிநாடா ஒன்று தயாரானபோது, ஜாக்கோவிடம் வினாத் தொடுப்பவராக அமர்ந்தவர் அந்த ஜெமற்றே. தட்டிலிருந்து கற்ற மாணாக்கன் விடை கூற, கற்பித்தோன் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1987 செப்ரெம்பரில், முப்பத்தைந்தாம் வயதில் ஜாக்கோ இறந்தார்.