நிலையற்ற சோதனை

நிரலில் ஒரு வரிகூட மாறாதபோதும் ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும் தானியங்கிச் சோதனை, நிலையற்ற சோதனை எனப்படும். தன் சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் இக்குறை ஓரளவேனும் உள்ளதென 2016-இல் கூகுள் தெரிவித்தது.

முதன்மைக் காரணம் நேரம். வலைப்பக்கம் முழுதாக எழுமுன்பே சோதனை பொத்தானைத் தேடுகிறது. 2004-இல் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய செலினியம் என்னும் உலாவிச் சோதனைக் கருவியில் இதற்கெனக் காத்திருப்புக் கட்டளைகள் உண்டு. பொதுக் காத்திருப்பையும் நிபந்தனைக் காத்திருப்பையும் கலந்தால் காத்திருக்கும் நேரம் கணிக்க முடியாமல் போகும். 2020-இல் வந்த பிளேரைட் என்னும் மற்றொரு கருவி, பொத்தான் தெரிந்து, அசைவற்று, இயங்கும் நிலைக்கு வரும்வரை தானே காத்திருக்கிறது.

எப்போதும் தோற்கும் சோதனைகள் வேறு வகை. அவற்றைத் தமிழ்ச் செயலிகளில் தனியே கவனிக்க வேண்டும். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் என்னும் ஊர்ப்பெயர் நல்ல சான்று. அப்பெயரிலுள்ள 'கொ', 'சோ' இரண்டின் உயிர்க்குறியையும் ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பீடு தோற்கும். என்எஃப்சி என்னும் ஒருங்குறி இயல்பாக்க முறையில் இருபுறமும் இயல்பாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

சோதனைக்குள் பொதித்த மாவட்டப் பட்டியல் பழசானாலும் சோதனை அவ்வாறே எப்போதும் தோற்கும். பெரம்பலூரிலிருந்து 2001-இல் பிரிந்த அரியலூர், 2002-இல் மீண்டும் அதனுடன் இணைந்து, 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டமானது. எனவே பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து பெறுவதே சரி.

நிலையற்ற சோதனைகளைச் சமாளிக்க, தோற்ற சோதனையைத் தானாக மறுபடி ஓட்டும் வழக்கம் பரவலானது. அது உண்மைப் பிழையையும் மறைத்துவிடும்.