ரயிலில் பின்னிய சாம்பல் நிறச் சொக்ஸ்

போன குளிர்காலத்தில் ஒரு பின்னேரம். வேலை முடிந்து ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டில் கிளென் வேவர்லி ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நான்கு குட்டி ஊசிகளை வைத்துச் சொக்ஸ் பின்னிக்கொண்டிருந்தார். கணுக்கால் பச்சை, குதி மஞ்சள், பாதம் நீலம். நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். எல்லாம் வீட்டில் கிடந்த மிச்ச நூலாம். ரயிலில் போய் வரும்போது மட்டும்தான் பின்னுவாராம். "என் பாட்டியும் ரயிலில்தான் பின்னினார். ஆனால் அவருக்கு ஒரே நிறம். சாம்பல்" என்றார். ஹோம்ஸ்கிளெனில் இறங்கிப் போய்விட்டார்.

அந்தச் 'சாம்பல்' என்ன என்று தேடப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியது. கிளென் வேவர்லிக்கு அப்போது ரயிலே இல்லை, அது வந்தது 1930இல். ஆனால் நகரத்து ரயில்களிலும் டிராம்களிலும் பெண்கள் பின்னல் ஊசியோடு ஏறத் தொடங்கிவிட்டார்கள். படையினரின் காலுக்குச் சாம்பல் நிறக் கம்பளிச் சொக்ஸ். தேவாலயத்தில், கூட்டங்களில், வரிசையில் நிற்கும்போது, எங்கே கை சும்மா இருந்ததோ அங்கே பின்னல். பள்ளிக்கூடங்களில் பெடியன்களும் பின்னினார்கள்! சிட்னியில் இருப்பவர்கள் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போனால் கிரேஸ் கொசிங்டன் ஸ்மித் 1915இல் வரைந்த 'சொக்ஸ் பின்னுபவள்' என்ற ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். தன் தங்கை குனிந்து பின்னுவதைத்தான் அவர் வரைந்திருக்கிறார். போர்க்கால ஓவியம், ஆனால் துப்பாக்கி கிடையாது.

இந்தப் போர் எங்களுக்குத் தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். கெட்டிக்காரத்தனமாக ஏதாவது செய்தால் "சரியான எம்டன்" என்று தாத்தா சொல்லியிருப்பாரே, அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்த கப்பல். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே அதை அடித்து முடித்தது 'சிட்னி' என்ற அவுஸ்திரேலியக் கப்பல். முதல் தொகுதி அவுஸ்திரேலியப் படையினரை ஏற்றிய கப்பல்களுக்குக் காவலாக வந்த கப்பல் அது. அந்தப் படையினர் அடுத்ததாகப் போய்ச் சேர்ந்த துறைமுகம் எது தெரியுமா? கொழும்பு. சாம்பல் சொக்ஸ் எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் போரைத் தேடிப் போயிருக்கிறது.

சொக்ஸ் அவ்வளவு முக்கியமா? 1916 கடைசியில் பிரான்சின் சொம் பகுதியில் குளிர்காலம் தொடங்கியபோது பதுங்குகுழிகளில் முழங்கால் வரை சேறு. ஈரத்திலும் குளிரிலும் நாள்கணக்கில் நின்றால் காலில் இரத்த ஓட்டம் குறைந்து, மரத்து, வீங்கி, கடைசியில் தசை செத்துவிடும். விரலை, சிலவேளை பாதத்தையே வெட்ட வேண்டி வரும். காலைத் துடைத்து, திமிங்கில எண்ணெய் தேய்த்து, காய்ந்த சொக்ஸ் மாற்று, இதுதான் தடுப்பு வழி. அதனால் ஒருவனுக்கு ஒரு சோடி போதாது.

பின்னலிலும் கணக்கு உண்டு. தையல் விளிம்பு இருந்தால் சப்பாத்துக்குள் உரசிக் கொப்புளம் வரும். ஆகவே நான்கு ஊசிகளால் குழாய்போலச் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். விரல் முனையைத் தடிப்பில்லாமல் மூடும் முறைக்கு இன்றைக்கும் 'கிச்சனர்' என்றுதான் பெயர். பிரித்தானியப் போர் அமைச்சர் கிச்சனரே அதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலாவுகிறது. நான் நம்பவில்லை. அமைச்சர்கள் தங்கள் சொக்ஸைத் தாங்களே பின்னியதாக வரலாறு இல்லை.

இப்படி அவுஸ்திரேலியாவில் பின்னிச் சேர்த்த சொக்ஸ் 13,54,328 சோடி. கடல் கடந்து போன படையினர் ஏறக்குறைய 3,30,000 பேர். ஒரு சோடிக்கு 15 மணித்தியாலம் என்று நான் கணக்குப் போட்டேன். இரண்டு கோடி மணித்தியாலத்தைத் தாண்டுகிறது. சம்பளமில்லாத வேலை. எங்கள் வேலையிடத்தில் இப்படி ஒரு திட்டத்துக்கு மதிப்பீடு கொடுத்தால் சிரிப்பார்கள்.

எல்லாரும் ஒரே மனதோடு பின்னினார்கள் என்றும் இல்லை. இதே மெல்பேர்ணில் வீடா கோல்ட்ஸ்டீன் 1915இல் பெண்கள் அமைதிப் படை என்று ஒன்றைத் தொடங்கிப் போரையே எதிர்த்தார். கட்டாய ஆட்சேர்ப்புக்கு 1916இலும் 1917இலும் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள், இரண்டு முறையும் 'வேண்டாம்' வென்றது. வேண்டாம் என்று வாக்களித்துவிட்டு, மகனுக்காக ரயிலில் சொக்ஸ் பின்னிய தாய்மாரும் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பின்னியவர்கள் சிலர் சொக்ஸுக்குள் சிறு கடிதம் வைத்து அனுப்பினார்கள், யாருடைய காலுக்குப் போகும் என்று தெரியாமலே.

மெல்பேர்ண் போர் நினைவகத்துக்குப் பள்ளிக்கூடத்தோடு போயிருப்பீர்கள். விக்டோரியாவிலிருந்து போருக்குப் போனவர்களின் பெயர்களைக் கையால் எழுதிய புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. பின்னியவர்களுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. அவர்கள் செய்த பொருளும் பெரும்பாலும் மிஞ்சவில்லை. சொக்ஸ் தேய்ந்து கிழிந்து சேற்றோடு போகிற சாமான்.

2009ஆம் ஆண்டு மே மாதம் நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தொலைபேசி அடித்தால் எல்லாருக்கும் நெஞ்சு பதறும். வன்னியில் இருந்த சொந்தக்காரரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மம்மா வரவேற்பறைக் கதிரையில் இருந்து, பேரப்பிள்ளைகளின் பழைய சுவெட்டர்களில் மிஞ்சிய நூலையெல்லாம் எடுத்துப் பின்னிக்கொண்டே இருந்தா. சிவப்பு, வெள்ளை, பிறகு ஒரு கடும் ஊதா. "ஆருக்கு அம்மம்மா?" என்று கேட்டேன். "தெரியேல்லை மோனே. கை சும்மா இருந்தா விசர் பிடிக்குது" என்றா.

அனுப்ப ஒரு விலாசமும் இருக்கவில்லை. அந்த வெக்கை ஊருக்குக் கம்பளிச் சொக்ஸ் எதற்கு என்று அப்போது நினைத்தேன். ஒரு சோடியை நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று மற்றதைவிட அரை அங்குலம் நீளம். ஊதா நூல் முடிந்துபோனதால் வலது காலின் விரல் முனை மட்டும் சாம்பல் நிறம்.