ஏறியவர் இட்ட பெயர்கள்

ஆலமரத்துக்கு ஐரோப்பியர் வழங்கிய 'பன்யன்' என்னும் பெயர், அதன் நிழலில் கூடிய குஜராத்தி வணிகரான 'வாணியா'க்களைச் சுட்டி எழுந்தது. 1753-இல் லின்னேயஸ் அதை வங்கத்தோடு சேர்த்து 'ஃபைகஸ் பெங்காலென்சிஸ்' என்றார். இரண்டும் மரத்தடியில் நின்றவர் பார்வை.

ஏறியவர் பார்வை சிறுவர் விளையாட்டுப் பெயர்களில் உள்ளது. மரமேறி ஆடும் ஆட்டம் மராத்தியில் 'சூர்பாரம்ப்யா'. பாரம்பி என்பது ஆலம்விழுது. குஜராத்தியில் அது 'ஆம்ப்லி பீப்ளி'. பெயரிலேயே புளியும் அரச இனமும் உள்ளன. எந்தக் கிளை தாங்கும் என்பதைக் கை அறிந்திருந்தது. தமிழில் உறுதியான பற்றுக்கோட்டைப் 'புளியங்கொம்பு' என்பதும் அவ்வறிவே.

இன்று நகரச் சாலைகளில் போக்குவரத்துக்காக விழுதுகள் வெட்டப்படுகின்றன. விழுதில் தொங்கியறியாத பிள்ளைக்குப் பாரம்பி அகராதிச் சொல் மட்டுமே.