கல்யாணக் கூடத்தில் அத்தைப்பாட்டி

நம் அகத்துக் கல்யாணங்களில் உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் உண்டு. மாலை மாற்றும்போது பெண்ணையும் பிள்ளையையும் தோளில் தூக்க மாமாக்கள். லாஜ ஹோமத்தில் பொரி இட பெண்ணின் சகோதரன். முதல் முடிச்சைப் பிள்ளை போட்டதும் மற்ற முடிச்சுகளைப் போட நாத்தனார். பாலிகை தெளிக்கவும் பச்சைப்பிடி சுற்றவும் சுமங்கலிகள். ஒரு பெரிய குடும்பத்தையே வேலை கொடுத்து மேடைக்கு அழைத்து வரும் ஏற்பாடு இது. ஆனால் இந்தப் பட்டியலில் ஒருத்திக்கு மட்டும் பெயர் கிடையாது. புருஷனை இழந்த அத்தையோ பெரியம்மாவோ கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுவாள். முகூர்த்த சமயத்தில் எங்கே இருந்தாள் என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் அகத்துக் கல்யாண ஆல்பங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒருநாள் பார்த்தேன். 1965 முதல் 1998 வரை பதினொரு கல்யாணங்கள். என் அத்தை (அப்பாவின் தமக்கை) 1951-ல் பதினைந்து வயதில் கல்யாணமாகி, 1957-ல் புருஷனை இழந்தவள். இந்தப் பதினொன்றிலும் சீர் பக்ஷணம் அவள் கைவேலைதான். கைமுறுக்கு ஏழு சுற்று, அதிரசம், மனோஹரம். பருப்புத் தேங்காய்க் கூம்பு எல்லாப் படத்திலும் மேடையில் ஜோடியாக நிற்கிறது. அதைப் பிடித்தவள் இரண்டே படங்களில் இருக்கிறாள், அதிலும் ஒன்றில் கதவோரம் பாதி முகம்தான்.

இதற்கு சாஸ்திரத்தில் என்ன ஆதாரம் என்று தேடப் போனால் விஷயம் சுவாரஸ்யமாகிறது. நம்மில் பெரும்பாலோர் யஜுர்வேதத்தில் ஆபஸ்தம்ப ஸூத்ரக்காரர்கள். அந்த க்ருஹ்ய ஸூத்ரத்தில் விவாஹப் பகுதியின் தொடக்கத்திலேயே, கல்யாண ஆசாரங்களைப் பெண்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சின்ன ஸூத்ரம் இருக்கிறது. எந்தப் பெண்களிடம் என்று அதில் பிரித்துச் சொல்லவில்லை. 'சுமங்கலி' என்ற சொல்லும் ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், எண்பத்தைந்தாம் ஸூக்தத்தில், கல்யாணப் பெண்ணைக் குறித்தே வருகிறது. கூடியிருப்பவர்களை வந்து அவளைப் பார்த்து வாழ்த்தும்படி அழைக்கும் மந்திரம் அது. இன்றும் எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிறோம்.

அதற்காக எல்லா நூல்களும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஸ்காந்த புராணத்தில் விதவையின் பார்வையே காரியத்தைக் கெடுக்கும் என்ற கடுமையான வாக்கியம் இருக்கிறது. அதிலும் ஒரு விலக்கு உண்டு. தன் தாயாருக்கு அந்த தோஷம் கிடையாதாம். பெற்ற தாயாருக்கு இல்லாத தோஷம் வளர்த்த அத்தைக்கு எப்படி வந்தது என்று அந்தப் பௌராணிகரைக் கேட்க ஆசை.

சீர்திருத்தக்காரர்கள் இந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய சண்டைகள் இருந்தன. 1856-ல் விதவா விவாஹச் சட்டம் வந்தது. 'ஹிந்து'வையும் 'சுதேசமித்திர'னையும் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889-ல், பம்பாயில் காங்கிரஸ் கூடிய சமயத்தில், விதவையான தன் பெண்ணுக்கு அங்கேயே மறுமணம் செய்து வைத்தார். 1885-ல் முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்த மனிதர், ஊருக்குத் திரும்பினால் சொந்த ஜாதியே விலக்கி வைத்தது. அவருடைய சங்கடம் நமக்கு நேர் எதிர். அவர் அகத்துக் கல்யாணத்தில் விதவைதான் மணப்பெண். ஒதுங்கி நின்றவர்கள் மற்ற உறவுக்காரர்கள்.

அடுத்த பெரிய பெயர் சகோதரி சுப்புலக்ஷ்மி. 1886-ல் பிறந்து, பதினோரு வயதில் கல்யாணமாகி, சீக்கிரமே விதவையானவர். அப்பா சுப்பிரமணிய ஐயர் பிடிவாதமாகப் படிக்க வைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். மறு வருஷம் எழும்பூரில் நாலு சிறு விதவைகளோடு ஒரு வீட்டில் ஆரம்பித்ததுதான் பின்னால் ஐஸ் ஹவுஸ் வரை வளர்ந்தது. வீட்டை நிர்வாகம் செய்தவர் சித்தி வாலாம்பாள், அவரும் விதவை. அந்தப் பெண்கள் வாத்தியாரம்மாக்களாகி ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1929-ன் சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயதைப் பதினாலு ஆக்கியதும் குழந்தை விதவைகள் படிப்படியாகக் குறைந்தார்கள். (அது அமலுக்கு வந்த 1930 ஏப்ரலுக்கு முன்னால் அவசரம் அவசரமாக நடந்த கல்யாணங்கள் எத்தனையோ!) மாமா தூக்குவதும் சின்னக் குழந்தைகளுக்காக வந்த வழக்கம் என்பார்கள். பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதானாலும் அதை நாம் விடவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்குகிறோம். எந்தக் காரியத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் நம் தேர்வு இப்படி.

நாங்கள் பொம்மனஹள்ளிக்கு வந்தது 1994-ல். அது 2007-ல்தான் பெங்களூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-ல் என் பெண்ணின் கல்யாணத்தை இங்கேயே, பேகூர் ரோடில் ஒரு சின்ன மண்டபத்தில் வைத்துக்கொண்டோம். தேதி குறித்த அன்றே அவள் கேட்டாள்: "அத்தைப்பாட்டி என்ன பண்ணப்போறா?" பக்ஷணம் என்று அவள் அம்மா சொன்னாள். "அது சமையல்காரர் பண்ணுவார், கல்யாணத்துல என்ன பண்ணப்போறா?" என்று மறுபடி கேட்டாள்.

நாங்கள் யோசித்ததெல்லாம் முதலில் கௌரவம் செய்வதாகவே இருந்தது. பட்டுப்புடவை எடுத்துக் கொடுக்கலாம், முதல் வரிசையில் நாற்காலி போடலாம், பத்திரிகையில் பெயர் போடலாம் என்று. அத்தை ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை. "எனக்கு எதுக்குடா நாற்காலி? நாலு பேர் முகத்தைச் சுளிச்சுண்டா குழந்தை மனசு கஷ்டப்படும்" என்றாள். எண்பத்திரண்டு வயதில் அவளை மேடைக்கு இழுத்து நிறுத்தி நம் முற்போக்கைக் காட்டுவதும் ஒரு வகைப் பலாத்காரம்தான் என்பது என் அபிப்பிராயம். உபசாரமாக இருந்ததை அவள் வேண்டாமென்றாள். அவளுக்கு மட்டுமே தெரிந்த வேலை என்று ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

அது பாட்டு. ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் அவளுக்குத் தெரிந்த அளவு பாட்டு எங்கள் அகத்தில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷமும் சமையல்கட்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். வெளியே வந்து அவர்கள் பாடினார்கள். சாஸ்திரிகளிடம் கேட்டேன். ஆபஸ்தம்ப ஸூத்ரத்தை எடுத்துச் சொன்னவரே அவர்தான். "பாலிகையில் மந்திரத்தோடு நடக்கிறதை நான் பார்த்துக்கறேன், ஊஞ்சல் உங்காத்துப் பெண்டுகள் சமாசாரம், அதில் நான் தலையிட மாட்டேன்" என்றார். சம்பந்திகளிடம் முன்கூட்டியே சொன்னோம். சம்பந்தி மாமி ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அம்மாவையும் அழைத்து வரலாமா என்று கேட்டாள். அந்த அம்மாவும் ஆறு வருஷமாகக் கல்யாணங்களுக்கே போகாமல் இருந்தவர்.

முதல் நாள் மத்தியானம், ஊரிலிருந்து வந்தவர்களை பேகூர் நாகேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனோம். பெங்களூர் என்ற பெயர் வரும், சுமார் 890-ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஒரு சண்டையைப் பற்றியது என்று சொன்னேன். "செத்தவனுக்கு ஆத்துக்காரி இருந்திருப்பாளே?" என்றாள் அத்தை. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் இதென்ன கேள்வி என்று ஒரு மாமா முணுமுணுத்தார்.

மறுநாள் ஊஞ்சலில் அத்தை சங்கிலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாடினாள். பால் கொடுப்பது, பச்சைப்பிடி எல்லாம் சுமங்கலிகள் வழக்கம்போலச் செய்தார்கள். அதில் கை வைக்க அவளே விரும்பவில்லை. இரண்டு பேர் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனதையும் பார்த்தேன். மூன்றாவது பாட்டில் சம்பந்தி மாமியின் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சேர்ந்துகொண்டார். அவருக்குப் பாடம் வேறு, நடுவில் ஒரு அடி முன்பின்னாக வந்தது. இரண்டு பேரும் பாட்டை நிறுத்தி, எது சரி என்று ஊஞ்சல் முன்னாலேயே தர்க்கம் செய்தார்கள். சாஸ்திரிகள் கடிகாரத்தைக் காட்டினார்.

கல்யாணம் முடிந்த பிறகு என் பெண் அத்தையிடம் உட்கார்ந்து பாட்டுக்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். மொத்தம் பதினேழு. சம்பந்தி வீட்டார் பிரதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், தங்கள் பாட்டியின் பாடத்தை ஓரத்தில் பென்சிலால் குறித்து.